சக்கைக் காகிதம் என்றால் மாசு இல்லையா?

அன்புள்ள ஐயா,

காகிதமும் மரமும் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். சிவகாசியில் பள்ளி நோட்டுகள் தயாரிக்கிறோம். கரும்புச் சக்கைக் காகிதத்தில்தான் வேண்டும் என்று இப்போது சில பள்ளிகள் கேட்கின்றன. ‘மரம் வெட்டாத காகிதம், சுற்றுச்சூழலுக்குக் கேடற்றது’ என்று பின்னட்டையில் அச்சிடவும் சொல்கிறார்கள். அப்படிப் போடலாமா? ஆலையிடம் என்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

நோட்டுத் தயாரிப்பாளர், சிவகாசி

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாம் பாதியைப் போடாதீர்கள். முதல் பாதியையும் விசாரித்த பிறகே போடுங்கள். சக்கையின் நார் குட்டையானது. மெஷினில் அறுந்துவிடாமல் ஓட, பல ஆலைகள் அதில் மரக்கூழையும் கலக்கின்றன. எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சக்கையைக் கழிவு என்று நினைப்பதும் சரியல்ல. சர்க்கரை ஆலைக்கு அதுதான் எரிபொருள். அதை எடுத்துக்கொண்டால் கொதிகலனுக்கு வேறு ஏதாவது போட்டாக வேண்டும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984 முதல் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் டிஎன்பிஎல் (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்), சர்க்கரை ஆலைகளுக்கு மாற்று எரிபொருள் கொடுத்தே சக்கையைப் பெற்றுவந்தது. அந்த மாற்று நிலக்கரி என்றால், காப்பாற்றிய மரத்தின் கணக்கில் அந்தக் கரியையும் சேர்க்க வேண்டும்.

ஆனாலும் எது மூலப்பொருள் என்பதைவிட, அதை வேகவைத்த பிறகு வரும் கருந்திரவம் எங்கே போகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. சக்கையானாலும் சவுக்கானாலும் காஸ்டிக்கில் (காஸ்டிக் சோடா என்ற காரத்தில்) வேகும்போது எடையில் சுமார் பாதி கரைந்துவிடும். லிக்னினும் (நார்களை ஒட்டிவைத்திருக்கும் பசை போன்ற பொருள்) காஸ்டிக்கும் சேர்ந்த அந்தக் கரைசலை ஆலையில் பிளாக் லிக்கர் என்பார்கள். அதை எவாப்பரேட்டரில் சுண்டவைத்து ரெக்கவரி பாய்லரில் எரித்தால் நீராவியும் கிடைக்கும், சோடாவும் திரும்பக் கிடைக்கும். எரிக்காமல் விட்டால் ஆற்றுக்குப் போகும். லிக்னினைக் கழிவுநீர் நிலையத்துப் பாக்டீரியாக்களால் எளிதில் தின்ன முடியாது. பிஓடி (கழிவைத் தின்னும் பாக்டீரியாக்களுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜனின் அளவு) குறைந்துவிடும், காப்பி நிறம் அப்படியே நிற்கும். அதனால்தான் ரெக்கவரி இல்லாமல் வைக்கோலையும் சக்கையையும் வேகவைத்த சிறிய ஆலைகள், உற்பத்தி குறைவாக இருந்தும் பெரிய ஆலைகளைவிட அதிகமாக ஆற்றைக் கெடுத்தன.

ரெக்கவரி பாய்லர் இருப்பதாலேயே நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. கூழைச் சரியாகக் கழுவினால்தான் பிளாக் லிக்கர் அங்கே போய்ச் சேரும். இந்த இடத்தைப் பற்றி வெளியில் யாரும் பேசுவதில்லை. கழுவும் டிரம்மிலிருந்து வரும் கூழ்ப்படலத்தில் 11 சதவீதம்தான் கூழ், மீதி திரவம். அதாவது ஒரு டன் உலர்கூழோடு எட்டு டன் திரவம் ஒட்டிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறது. 30 சதவீதம் வரை பிழியும் பிரஸ் வாஷரில் இது சுமார் 2.3 டன்னாகக் குறையும். அந்தத் திரவத்தில் எவ்வளவு லிக்னின் மிஞ்சியிருக்கிறதோ, அவ்வளவும் வெளுக்கும் ரசாயனத்தை வீணாகத் தின்றுவிட்டுச் சாக்கடைக்குப் போகும்.

தண்ணீரை இன்னும் கொஞ்சம் விட்டுக் கழுவினால் ஆகாதா? கூடுதலாக விடும் ஒவ்வொரு டன் தண்ணீரையும் பிறகு எவாப்பரேட்டரில் ஆவியாக்க வேண்டும். ஆறு கட்ட எவாப்பரேட்டரில் அதற்குச் சுமார் 200 கிலோ நீராவி செலவு. அதனால் சுத்தமான வெந்நீரைக் கடைசி டிரம்மில் மட்டும் விட்டு, வடிந்ததை முந்தைய டிரம்முக்கு, அதில் வடிந்ததை அதற்கும் முந்தையதற்கு என்று எதிர்த்திசையில் கொண்டுபோவார்கள். சக்கையில் சிக்கல் என்னவென்றால், உள்ளேயிருக்கும் பஞ்சு போன்ற சோற்றை (ஆலையில் பித் என்பார்கள்) முன்பே நீக்காவிட்டால் படலம் நீரை வடியவிடாது. நுரை கட்டும். உற்பத்தியைக் கூட்டச் சொல்லி மேலிடம் நெருக்கும்போது படலம் தடித்து, ஷவர் நீர் மேலோடு வழிந்துவிடும். ஒரு ஷவர் துளை அடைபட்டாலும் அந்த இடத்தில் படலத்தின் மேல் கரும்பட்டை ஒன்று ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வாய்ப்புக் கிடைத்தால் ஆலைக்குப் போய் அந்த டிரம்மைப் பாருங்கள். நீர் சுத்தம் என்று காட்டக் கழிவுநீர்த் தொட்டியில் விட்டிருக்கும் மீனைவிட அது அதிகம் சொல்லும்.

சக்கைக்கு இன்னொரு தொல்லை சிலிக்கா. அது லிக்கரில் கரைந்துவந்து எவாப்பரேட்டர் குழாய்களில் கல்லாகப் படியும். சோடாவைத் திரும்பக் காஸ்டிக்காக மாற்றும்போது மிஞ்சும் சுண்ணாம்புச் சேற்றிலும் சேர்ந்து, அதைச் சூளையில் திரும்ப எரித்துப் பயன்படுத்த முடியாதபடி செய்யும். அந்தச் சேற்றைச் சிமென்ட் ஆலைக்கு அனுப்புவது ஒரு வழி. ஆலை வளாகத்தில் மலையாகக் குவிப்பது பலரும் செய்த தவறு.

வெளுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளோரின் வாயுவால் வெளுத்த காலத்தில் கழிவுநீரில் டையாக்சின் என்ற நச்சு வந்தது 1980களில் தெரியவந்தது. இன்று நல்ல ஆலைகள் ஆக்ஸிஜனால் லிக்னினைப் பாதியளவு நீக்கிவிட்டு, குளோரின் டையாக்சைடால் முடிக்கின்றன. கழிவில் மிஞ்சும் கரிமக் குளோரினை ஏஓஎக்ஸ் என்ற அளவால் சொல்வார்கள். 2003இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட சாசனம், பெரிய ஆலைகள் டன்னுக்கு 1.5 கிலோவாகவும் பிறகு 1 கிலோவாகவும் இதைக் குறைக்க வேண்டும் என்றது.

சுத்திகரித்த நீரை வயலுக்கு விடுகிறோம் என்று ஆலை சொன்னால், அதிலுள்ள சோடியத்தின் அளவைக் கேளுங்கள். சோடியம் மண்ணிலுள்ள கால்சியத்தை விரட்டி, களியை இறுக்கிவிடும். ஜிப்சம் போட்டால் ஓரளவு மீளும். ஆனால் சோடியம் வயலுக்கு வருவதே பெரும்பாலும் கூழைச் சரியாகக் கழுவாததாலும் வெளுப்பதற்குக் காஸ்டிக்கை அதிகம் விடுவதாலும்தான்.

ஆகவே ஆலையிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இவை: சக்கைக்கூழ் எத்தனை சதவீதம், ரெக்கவரி பாய்லர் ஓடுகிறதா, கூழோடு போகும் சோடா இழப்பு டன்னுக்கு எத்தனை கிலோ, வெளுக்க எதைப் பயன்படுத்துகிறார்கள், டன்னுக்கு எவ்வளவு தண்ணீர், ஏஓஎக்ஸ் எவ்வளவு. சோடா இழப்பைக் கேட்டவுடன் சொல்லும் ஆலையை நான் நம்புவேன். தினமும் அளப்பவர்களுக்குத்தான் அது வாயில் நிற்கும்.

உங்கள் கையிலும் இரண்டு விஷயங்கள் உண்டு. பள்ளி நோட்டுக்கு 90 பிரைட்னெஸ் (காகிதத்தின் வெண்மை அளவு) தேவையில்லை. 80இல் பிள்ளைகள் நன்றாகவே எழுதலாம், கண்ணும் கூசாது. வெளுப்பதில் கடைசிப் பத்துப் புள்ளிக்குத்தான் ரசாயனம் மளமளவென்று ஏறும். அடுத்தது எடை. 60 ஜிஎஸ்எம்மிலிருந்து (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்) 54க்கு இறங்கினால் அதே பக்கங்களுக்குக் காகிதம் 10 சதவீதம் குறையும். சக்கைக் காகிதம் அடர்த்தியாக இருப்பதால் மறுபக்க எழுத்து தெரிய வாய்ப்பு அதிகம். ஆகவே மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு ரீம் வாங்கி, மைப்பேனாவால் இரண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள். பின்னட்டையில் ‘சக்கைக்கூழ் இத்தனை சதவீதம், குளோரின் வாயு இல்லாமல் வெளுத்தது’ என்று போடுங்கள், ஆலை அதை எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும்.