அக்சுவரி ஆக என்ன படிக்க வேண்டும்? வந்த கேள்விகளில் சில

அக்சுவரியல் சயன்ஸ் என்ற பெயரில் டிகிரி செய்தால்தான் அக்சுவரி ஆகலாமா? (கொட்டாஞ்சேனை மாணவி)

இல்லை தங்கச்சி. அக்சுவரி என்பவர் காப்புறுதி போன்றவற்றில் வரக்கூடிய நட்டத்தைக் கணித்துச் சொல்பவர். ஒருவரை அக்சுவரி ஆக்குவது தொழில்சார் பரீட்சைகள்தான். அந்தப் பரீட்சைகளை நடத்தும் அக்சுவரிகளின் சங்கங்களான பிரித்தானியாவின் ஐஎப்ஓஏ, அமெரிக்காவின் எஸ்ஓஏ இரண்டுமே டிகிரியின் பெயரைப் பார்ப்பதில்லை. கொழும்பு கம்பஸ் விஞ்ஞான பீடத்தில் கணிதமும் புள்ளிவிபரவியலும் எடுத்து ஒழுங்காகப் படித்தால் அதுவே பலமான அத்திவாரம். அதோடு இரண்டாம் வருடத்திலேயே ஐஎப்ஓஏவின் சிஎஸ்1 பரீட்சையை எழுதிப் பாருங்கள், நிகழ்தகவு, புள்ளிவிபரம், ஆர் மென்பொருள் எல்லாம் அதில் வரும். இந்தத் துறை உங்களுக்குப் பிடிக்குமா என்பதும் அந்த ஒரு பரீட்சையிலேயே தெரிந்துவிடும்.

தனியார் நிறுவனம் ஒன்று "விதிவிலக்கு கிடைக்கும்" என்கிறது, நம்பி காசு கட்டலாமா? (வெள்ளவத்தை, ஒரு அம்மா)

விதிவிலக்கு என்றால், படித்த பாடத்துக்காகச் சங்கத்தின் பரீட்சை ஒன்றை எழுதாமல் விடலாம் என்பது. காசு கட்டுவதற்கு முன்னால் அதை எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பாடத்துக்கு, எத்தனை புள்ளி எடுத்தால், எந்தச் சங்கம் விதிவிலக்கு தருகிறது? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள் அம்மா. விதிவிலக்குக்கும் பாடத்துக்கு ஒன்றாகச் சங்கத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு, அதை யாரும் முதலில் சொல்வதில்லை. கடன் வாங்கிப் படிக்கவைக்கும் குடும்பங்கள் பிறகு இதைக் கேட்டுத் திகைத்து நிற்பதைப் பார்க்கும்போது மனம் கஷ்டமாக இருக்கிறது.

அக்சுவரியல், இடர் முகாமைத்துவம், இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு கணக்கோடு சொல்கிறேன். நாற்பது வயதுக்காரர் 1,000 பேர், ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் ரூபாய் ஆயுள் காப்புறுதி. வருடத்தில் 2 பேர் இறப்பார்கள் என்று வைத்தால் நட்டஈடு 20 இலட்சம், அதாவது ஆளுக்கு 2,000 ரூபாய். செலவும் இலாபமும் அதற்கு மேலேதான் சேரும். அந்த "2 பேர்" என்பதைக் கணித்துச் சொல்வது அக்சுவரியின் வேலை.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ஒருவரின் இறப்பு இன்னொருவரைப் பாதிக்காது என்பது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் தண்ணீர் ஏறியபோது பக்கத்துப் பக்கத்து வீடுகள் எல்லாம் ஒன்றாகத்தானே மூழ்கின? ஆயிரம் வீடுகளுக்குச் சராசரி பார்த்து வைத்த கணக்கு அங்கே நிற்காது. மீள்காப்புறுதி (காப்புறுதி நிறுவனம் தனக்கே எடுக்கும் காப்புறுதி) எவ்வளவு வாங்குவது, ஒரே பகுதியில் எத்தனை வீட்டை ஏற்பது, கையில் எவ்வளவு மூலதனம் வைப்பது என்ற கேள்விகள் அங்கேதான் தொடங்குகின்றன, இடர் முகாமைத்துவம் படிப்பவர் அவற்றோடுதான் மல்லுக்கட்டுவார். இலங்கையிலும் 2016 முதல் காப்புறுதி நிறுவனங்கள் தாங்கள் ஏற்கும் இடருக்கு ஏற்ற அளவு மூலதனம் வைத்தே ஆக வேண்டும், அதனால் இரண்டு படிப்புக்கும் இங்கே வேலை இருக்கிறது.

வர்த்தகப் பிரிவில் படித்தேன், இணைந்த கணிதம் இல்லை. முடியுமா?

முடியும், ஆனால் கஷ்டம். நுண்கணிதத்தை ஆறு மாதம் தனியாகப் படியுங்கள். அதில் மனம் ஒட்டவில்லை என்றால் காப்புறுதி, இடர் முகாமைத்துவப் பக்கம் போங்கள், உங்கள் கணக்கியலும் பொருளியலும் அங்கே நன்றாக உதவும்.

தமிழ் மொழிமூலம் படித்தவன், ஆங்கிலம் பயமாக இருக்கிறது.

தம்பி, முதல் பரீட்சைகளில் பெரும்பகுதி கணக்குத்தான். பழைய வினாத்தாள்கள் ஐஎப்ஓஏ தளத்தில் இருக்கின்றன, இறக்கி வைத்துக்கொண்டு தினமும் ஒரு கேள்வி செய்யுங்கள். பிறகு மேல்நிலைப் பரீட்சைகளில் விளக்கம் எழுத வேண்டிவரும், அதற்கு உங்களுக்கு இன்னும் சில வருடம் இருக்கிறது.