ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம், அப்பா ஏன் குழம்புகிறார்?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, சிரோசிஸ் (ஈரல் சுருங்கும் நோய்) இருக்கிறது. கொஞ்ச நாளாகப் பகலெல்லாம் தூங்கி ராத்திரி விழித்திருக்கிறார். பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகலாம் வா" என்கிறார். சிடி ஸ்கேனில் மூளை நன்றாக இருக்கிறதாம். பினாங்குத் தீவுக்குக் கூட்டிப்போய் எம்ஆர்ஐ எடுத்தால் காரணம் தெரியுமா டாக்டர்?

பதில்: சகோதரி, ஸ்கேன் சுத்தமாக வந்ததால் அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள். அந்த சிடி வேறு காரணத்துக்காக எடுத்தது. சிரோசிஸ் உள்ளவர்களுக்கு ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் பெரும்பாலும் குறைவாக இருக்கும், குளியலறையில் வழுக்கி விழுந்தாலே மண்டைக்குள் ரத்தம் கசியலாம், அது இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் சிடி. நீங்கள் எழுதியிருப்பது ஈரல் கோளாறால் வரும் மூளைக் குழப்பம் போலத்தான் இருக்கிறது, அது சிடியில் பெரும்பாலும் பிடிபடாது.

குடலில் உண்டாகும் அம்மோனியா என்ற நச்சுப்பொருளை நல்ல ஈரல் யூரியாவாக மாற்றிவிடும். சுருங்கிப்போன ஈரலால் அது முழுதாக முடியாது. மிச்சம் ரத்தத்தோடு மூளைக்குப் போகிறது, அங்கே ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள் அதை குளுட்டமினாக மாற்றுகின்றன, குளுட்டமின் சேரச் சேர தண்ணீரை இழுத்து அந்தச் செல்களே லேசாக வீங்கிவிடுகின்றன, குழப்பம் வருவதில் இதற்குப் பங்கு உண்டு.

எம்ஆர்ஐயில் கொஞ்சம் தெரியும், இல்லை என்று சொல்லமாட்டேன். மாங்கனீசு படிவதால் குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதி வெள்ளையாகத் தெரியும், ஆனால் தெளிவாகப் பேசும் சிரோசிஸ் நோயாளிக்கும் அப்படித்தான் இருக்கும் என்பதால் அதை வைத்துக் குழப்பத்தை அளக்க முடியாது. ஆராய்ச்சியாளர்கள் அதே இயந்திரத்தில் ஸ்பெக்ட்ராஸ்கோபி என்ற முறையால் மூளையின் ரசாயனத்தையே அளக்கிறார்கள். குளுட்டமின் கூடியிருக்கும், மையோ-இனோசிட்டால் என்ற இன்னொரு பொருள் குறைந்திருக்கும், அதாவது வீங்கும் செல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதை வெளியே தள்ளியிருக்கிறது. நோய் புரிய இது பெரிய உதவி. உங்கள் அப்பாவின் சிகிச்சையை இது மாற்றப்போவதில்லை, அதனால் இப்போதைக்கு அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

அப்பாவைக் கைகளை முன்னே நீட்டி, பஸ்ஸை நிறுத்துவது போல மணிக்கட்டை மேலே மடக்கச் சொல்லுங்கள். கை அடிக்கடி தொய்ந்து விழுந்து எழுந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எப்படியிருந்தாலும் இன்றே கூட்டிப்போங்கள், ஏனென்றால் இது பெரும்பாலும் எதையாவது தொட்டுத்தான் வரும்: மலச்சிக்கல், காய்ச்சல், வயிற்று நீரில் கிருமித்தொற்று, நீர் மாத்திரையால் உப்பு குறைவது, ஃபார்மசியில் வாங்கிய தூக்க மாத்திரை. மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம்.

மருந்து பெரும்பாலும் லாக்டுலோஸ் சிரப். தினமும் இரண்டு மூன்று தடவை இளக்கமாக மலம் போக வேண்டும், அளவை அதற்கேற்ப டாக்டர் சொல்வார். வயிற்றுப்போக்கு ஆகிறதே என்று நிறையப் பேர் நிறுத்திவிட்டு மறுபடி வார்டுக்கு வருகிறார்கள். அப்புறம், பருப்பு, முட்டை, தௌஃபுவை நிறுத்தாதீர்கள், புரதம் குறைந்தால் தசை கரையும், அம்மோனியாவைச் சமாளிப்பதில் தசைக்கும் பங்கு உண்டு. இந்தக் குழப்பத்தோடு அவர் வண்டி ஓட்டக்கூடாது, மோட்டார் சாவியை வாங்கி வையுங்கள்.

எழுப்பியும் சரியாக விழிக்கவில்லையென்றால் சிரப்பை வாயில் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு உடனே 999-ஐ அழையுங்கள்.