ஒருங்கிணைந்த பாடங்கள்: ஆசிரியர்கள் தயங்குவது ஏன்?

கேள்வி: உயர்நிலை வகுப்புகளில் பாடங்களைத் தனித்தனியாக நடத்தாமல் ஒருங்கிணைத்துக் கற்பிப்பதே நல்லது என்கிறார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் பலரும் தயங்குகிறார்கள். மாற்றத்தை ஏற்காத மனம்தான் காரணமா?

பதில்: அப்படிச் சொல்லி ஒதுக்கிவிடுவது நியாயமன்று. பாடங்களுக்கிடையே தொடர்பு உண்டு என்பதை எந்த ஆசிரியரும் எளிதில் மறுப்பதில்லை. தாம் பட்டம் பெறாத துறையில் மாணவர் கேள்வி எழுப்பினால் என்ன செய்வது, விடைத்தாளை யார் திருத்துவது, சேர்ந்து திட்டமிட நேரம் எங்கே என்பவையே அவர்களுடைய கவலைகள். ஒரு பாடத்தை அறிந்திருப்பதும், அதில் மாணவர் எங்கே தடுமாறுவார் என்பதை அறிந்து கற்பிப்பதும் வெவ்வேறு அறிவு என்பதை 1986-இலேயே அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் எடுத்துரைத்தார். வேதியியலில் பல்லாண்டுப் பழக்கத்தால் இவ்விரண்டாவது அறிவைப் பெற்றவரை உயிரியலும் நடத்தச் சொன்னால், அவர் மீண்டும் புதிய ஆசிரியராகிவிடுகிறார்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஒரு கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பு 5-லிருந்து 4-ஆகக் குறைந்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 10 மடங்கு கூடுகிறது. இது ஏன் என்று விளக்க மடக்கை (லாகரிதம்) என்னும் கணிதப் பாடம் தேவை. கணித ஆசிரியரோ அதை இன்னும் தொடங்கியிருக்க மாட்டார். 'இப்போதைக்கு இப்படியே வைத்துக்கொள்ளுங்கள்' என்று வேதியியல் ஆசிரியர் கடந்துவிடுவார். பின்னர் மடக்கை நடத்தப்படும்போது அமிலத்தைப் பற்றிய பேச்சே எழாது. இருவரும் ஆண்டுத் தொடக்கத்தில் கலந்து பேசிப் பாட வரிசையைச் சற்று மாற்றிக்கொண்டால் போதும். புதிய பாடநூல்கூட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சந்திப்புக்குக் கால அட்டவணையில் இடமிருப்பதில்லை என்பதே என் பார்வையில் முதன்மையான தடை.

பின்லாந்து பாடங்களையே ஒழித்துவிட்டதாக ஒரு காலத்தில் செய்திகள் பரவின; அது உண்மையன்று. 2016-இல் அங்கு நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், தனிப் பாடங்களை வைத்துக்கொண்டே, பல பாடங்களை இணைத்துப் படிக்கும் பல்துறைக் கற்றல் தொகுதி ஆண்டுக்கு ஒன்றேனும் இருக்க வேண்டும் என்றது. தென்கொரியாவோ 2018 முதல் உயர்நிலைப் பள்ளியில் ஒருங்கிணைந்த அறிவியலை ஒரு பாடமாகவே வைத்தது. முதல் வழியில் ஆசிரியர் தம் துறையில் நின்றபடியே பிறருடன் சேரலாம் என்பதால் தயக்கம் குறையும் எனக் கருதுகிறேன்.

கேள்வி: பல பாடங்களை இணைத்து மாணவர் செய்யும் செயல்திட்டங்களுக்கு மதிப்பெண் அளிப்பது எப்படி?

பதில்: ஒரே ஆசிரியரிடம் விட்டால் மற்றப் பாடம் வெறும் அலங்காரமாகிவிடும். 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ இறப்புகளை வரைபடத்தில் குறித்து, ஒரு தெருவின் தண்ணீர்க் குழாயோடு நோயைத் தொடர்புபடுத்தினார். இதைச் செயல்திட்டமாகக் கொடுத்தால், வரைபடத்தைப் புவியியல் ஆசிரியரும், நோய் பரவும் விதத்தை உயிரியல் ஆசிரியரும், கெட்ட காற்றே காரணம் என்று அன்று பலரும் நம்பியது ஏன் என்ற பகுதியை வரலாற்று ஆசிரியரும் திருத்த வேண்டும். அப்பகுதிகளை மாணவர் எவ்வாறு இணைத்திருக்கிறார் என்பதற்குத் தனி மதிப்பெண் ஒதுக்கி, அதை மட்டும் மூவரும் கூடி முடிவு செய்யலாம்.