மலையகத்தில் நடப்போம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போன மாதம் ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். ‘உலக முடிவு’ விளிம்புக்கு வரும்போது காலை பத்தரை. வெள்ளை முகிலைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை. எந்த மாதம் போனால் பார்க்கலாம்? (வாசகி, வவுனியா)

பதில்: மாதத்தைவிட மணிதான் முக்கியம். பத்தரை பிந்திவிட்டது. அந்த இடத்தில் மலை ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக விழுகிறது. வெயில் ஏற ஏறத் தெற்குத் தாழ்நிலத்து ஈரக்காற்று சூடாகி அந்தச் சுவரோடு மேலெழும்பும். குளிர்ந்த உயரத்துக்கு வந்ததும் முகிலாகிவிடும். அதனால் நல்ல வெயில் நாளிலும் ஒன்பது, பத்து மணிக்குள் விளிம்பு மூடிக்கொள்ளும். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, வானமும் தெளிவு. ஆனால் அப்போதும் பிந்திப் போனால் இதே கதைதான்.

முதல்நாள் இரவு நுவரெலியாவில் தங்கி, விடிய நாலரைக்கு வாகனத்தில் புறப்படுங்கள். அம்பேவெல, பட்டிப்பொல வழியாக 32 கிலோமீற்றர். இருட்டும் வளைவுகளுமாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே பைகளைச் சோதிப்பார்கள். பொலித்தீன் போகாது, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலைக்கூட உரித்துவிடுவார்கள். சாப்பாட்டை வாழையிலையில் கட்டி, பிஸ்கட்டை டப்பாவில் போட்டுக்கொண்டு போனால் அங்கே பத்து நிமிடம் மிச்சம். விடியற்காலையில் அந்தப் பத்து நிமிடம் பெரிது.

சுற்றுப்பாதை 9 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், மூன்று மணித்தியால நடை. பாதை பிரியும் இடத்தில் பலர் நீர்வீழ்ச்சிப் பக்கம் திரும்பி நேரத்தை விடுகிறார்கள். ‘உலக முடிவு’க்குப் போகும் வழியிலுள்ள ‘சின்ன உலக முடிவு’ பக்கமே முதலில் போங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சி 20 மீற்றர் உயரம். பனிமூட்டத்திலும் கிட்ட நின்று பார்க்கலாம், அதைக் கடைசிக்கு வையுங்கள். அங்கே இறங்கும் வழியில் வேர்களும் ஈரமண்ணும் வழுக்கும். பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து இறங்க வேண்டும். அடி தேய்ந்த சப்பாத்து வேண்டாம்.

மரைகள் வாகனத் தரிப்பிடத்துக்கே வரும். தயவுசெய்து பாணோ பிஸ்கட்டோ நீட்டாதீர்கள்.

கேள்வி: ஒஹிய ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே மேலே போகலாமா? (வாசகர், ஹட்டன்)

பதில்: போகலாம். 11 கிலோமீற்றர், முழுக்க ஏற்றம், மூன்றரை மணித்தியாலமாவது எடுக்கும். காலை ரயிலில் வந்து இறங்கி நடந்தால் மேலே சேரும்போது முகில் வந்திருக்கும். முதல்நாளே ஒஹியவுக்கு வந்து தங்கி, விடியுமுன் வாகனத்தில் ஏறுங்கள். சுற்றுப்பாதையை முடித்துவிட்டு, திரும்பும்போது அதே 11 கிலோமீற்றரை நடந்து இறங்குங்கள். என்னைக் கேட்டால் அந்தத் தெருவின் அழகு இறக்கத்தில்தான்: மூச்சு வாங்காமல் நின்று நின்று பார்க்கலாம். பொழுதுபடுமுன் ஸ்டேசனுக்கு வந்துவிடும்படி கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நக்கிள்ஸ் மலைக்காட்டில் அட்டைக் கடிக்கு என்ன செய்வது? (வாசகர், மாத்தளை)

பதில்: மழை விட்ட மறுநாள் அட்டை அதிகம். நீளக் காற்சட்டையின் நுனியை மேஸுக்குள் செருகி, மேஸின் மேல் ஈரச் சவர்க்காரத்தைத் தடிப்பாகத் தேயுங்கள். ஓடை கடந்ததும் சவர்க்காரம் கரைந்துவிடும். திரும்பவும் தேய்க்க வேண்டும்.

கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், உப்பையும் நெருப்பையும் தேடாதீர்கள். அட்டையின் மெல்லிய முனைதான் வாய். அதனருகே தோலோடு நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் வாய் கழன்றுவிடும். பிறகு தடித்த முனையையும் அப்படியே தள்ளிச் சுண்டிவிடுங்கள். இரத்தம் உறையாதிருக்க ஒரு பொருளை அது உமிழ்ந்திருக்கும், அதனால் வெகுநேரம் கசியும். பயப்பட வேண்டாம். கழுவி, துணியால் அழுத்திக் கட்டினால் போதும். சொறிந்தால்தான் புண்ணாகும்.

கேள்வி: அம்மாவுக்கு 65 வயது, முழங்கால் வலி. எல்லவில் அவர் நடக்கக்கூடிய இடம் உண்டா? (வாசகி, கொழும்பு)

பதில்: 1,141 மீற்றர் உயரமான சின்னச் சிவனொளிபாதமலைக்குக் கூட்டிப் போங்கள். பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்து வழி, ஏற்றம் குறைவு. கடைசியில்தான் படிகள். படிகளுக்குக் கீழேயே எதிரில் எல்லப் பாறை தெரியும். அம்மா அங்கே இருக்கலாம். கையில் ஒரு தடி கொடுங்கள், இறங்கும்போதுதான் முழங்காலுக்குப் பாரம் கூடும்.