பல்பு போட்டதும் வோல்டேஜ் இறங்குவது ஏன்?

கேள்வி: ஆடி மழையில் மரம் சாய்ந்து லைன் அறுந்தால் இங்கே கரண்ட் வர ரெண்டு நாள்கூட ஆகும். அதனால் 12 வோல்ட் பேட்டரி, 4047 ஐசி (அலையை உருவாக்கும் சிப்), ரெண்டு மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்), 5 ஆம்பியர் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் வைத்து நானே இன்வெர்ட்டர் செய்தேன். பேட்டரி வராந்தாவில், மூன்று மீட்டர் தள்ளி. மீட்டரில் 230 காட்டுகிறது, 100 வாட் குண்டு பல்பு போட்டால் 170-க்கு இறங்கிவிடுகிறது. எங்கே தப்பு? ரெண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரால் இதை வீட்டு பிளக் பாயிண்டில் செருகலாமா?
- வாசகர், பந்தலூர்

பதில்: செருகவே செருகாதீர்கள். உங்கள் கரண்ட் வீட்டு மீட்டரைத் தாண்டி கம்பத்துக்குப் போகும், அங்குள்ள டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்து அதை 11,000 வோல்ட் பக்கம் ஏற்றும், லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி மழையில் மரத்தை வெட்டிக்கொண்டிருக்கும் மின்வாரிய ஊழியர் உயிர் போய்விடும். மெயினை அணைத்துவிட்டுச் செருகுவேன் என்பதும் வேண்டாம், ஒருநாள் மறந்தால் போதும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (வீட்டை மின்வாரிய லைன், இன்வெர்ட்டர் ரெண்டில் ஒன்றோடு மட்டும் இணைப்பது) போடுங்கள், இல்லையென்றால் ரெண்டு பல்புக்குத் தனி ஒயர் இழுங்கள்.

சரி, வோல்டேஜ். ஐசியில் தப்பு இருக்காது, 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டருக்கு ரெசிஸ்டர் 45 கிலோ ஓம் அளவில் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் வந்துவிடும். முதலில், அந்த 230-ஐயே நம்பாதீர்கள். உங்களுடையது சதுர அலை (மெயின் கரண்ட் போல வளைந்து ஏறி இறங்காமல் சட்டென்று மாறுவது), விலை குறைந்த மீட்டர் அதைப் பதினோரு சதவீதம் கூட்டிக் காட்டும், உண்மையில் 207 தான் இருக்கும், பல்பு போட்டதும் காட்டும் 170-ம் உண்மையில் 153 தான். இந்த இழப்பு 12 வோல்ட் பக்கத்தில். 100 வாட் பல்புக்குப் பேட்டரியிலிருந்து சுமார் 10 ஆம்பியர் வர வேண்டும். 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் என்றால் போக மூன்று, வர மூன்று, ஆறு மீட்டரில் மட்டும் 0.7 வோல்ட் போகும், அது அவுட்புட்டில் 12, 13 வோல்ட் குறைவாகத் தெரியும். அதைவிடப் பெரிய இழப்பு, 5 ஆம்பியருக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் காயிலிலிருந்து இவ்வளவு கேட்பது. தொட்டுப் பாருங்கள் (பேட்டரியைக் கழற்றிவிட்டு), சுடும்.

டிரான்ஸ்ஃபார்மரை மாற்றாமலே சரிசெய்யலாம். குண்டு பல்பை எடுத்துவிட்டு ரெண்டு 9 வாட் எல்இடி போடுங்கள், 2 ஆம்பியர் சுற்றித்தான் இழுக்கும், பேட்டரியும் அதிக நேரம் தாங்கும். பேட்டரியை இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்.