வாசகர் கேள்வி–பதில்: பாதியில் நின்ற பின்னலும் மறைந்தவர் பெயரும்

கேள்வி: பின்னல், நெசவு, நூற்பு, எம்பிராய்டரி ஆகியவற்றில் ஈடுபாடுள்ளவர்கள் கூடி நடத்தும் சிறிய குழு எங்களுடையது. அண்மைக் காலத்தில் மூத்த உறுப்பினர்கள் சிலரை அடுத்தடுத்து இழந்துவிட்டோம். அவர்களுடைய நினைவாக, துணித் துண்டுகளை இணைத்து ஒரு பெரிய ஒட்டுப்போர்வை தைக்கலாம் என்று சிலர் விரும்புகிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை கூடிப் பேசினால் போதும் என்று வேறு சிலர் கருதுகிறார்கள். எது பொருத்தமாக இருக்கும்?

பதில்: இரண்டுமே நல்லவை. ஆனால், இரண்டையும்விட அவசரமான வேலை ஒன்று உங்கள் முன் இருக்கிறது. மறைந்தவர்கள் செய்த சால்வைகளும் போர்வைகளும் சுவர்த் தொங்கல்களும் இப்போது யார் யாரிடம் இருக்கின்றன என்று தேடிக் கண்டறிந்து, ஒவ்வொன்றோடும் செய்தவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். ஓவியர்கள் படத்தின் மூலையில் கையெழுத்திடுகிறார்கள். பின்னுகிறவர்களும் நெய்கிறவர்களும் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. ஒரு சால்வையைக் கையில் எடுத்ததும் அதன் விளிம்பு மடக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பார்த்தே, அது இன்னார் வேலை என்று சொல்லக்கூடியவர்கள் உங்கள் குழுவில் இன்னும் இருக்கிறார்கள். அந்த அறிவு அவர்களோடு போய்விட்டால், பிறகு எந்த ஆவணத்தைப் புரட்டினாலும் அதை மீட்க முடியாது.

வெளுத்த பருத்தி நாடாவில் பெயர், செய்த ஆண்டு, நூலின் வகை ஆகியவற்றைத் தண்ணீரில் கலையாத மையால் எழுதி, மை நன்றாகக் காய்ந்தபின் பொருளின் பின்புறத்தில் சில தையல்களால் தளர்வாகப் பொருத்துங்கள். பசையும் ஒட்டு நாடாவும் காலப்போக்கில் கறையாகும். ஊக்கு துருப்பிடித்துத் துணியை அரிக்கும். அப்படியே, ஒவ்வொருவரைப் பற்றியும் குழுவினர் சொல்வதைக் குரலாகப் பதிவு செய்யுங்கள். அவ்வாறு பதியும்போது, "அன்பானவர், பொறுமையானவர்" என்ற அளவில் நின்றுவிடாமல், நூலை எந்தக் கையில் பிடித்தார், முதல் வரிசையை எப்படித் தொடங்கினார், சாயத்தில் என்ன சேர்த்தார், யாருக்கு எதைக் கற்றுக்கொடுத்தார் என்று கேளுங்கள். ஒரு கைவினைஞரின் குணம் அவர் செய்முறையில்தான் மிகத் துல்லியமாகத் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி ஒட்டுப்போர்வை. துணியால் துக்கத்தைச் சொல்லும் வழக்கம் பழையது. 1843ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு போர்வையை, அமெரிக்காவின் கெண்டக்கியில், இரு மகன்களை இழந்த எலிசபெத் ரோஸ்பெரி மிட்செல் தைத்தார்; நடுவில் ஒரு கல்லறைத் தோட்டமும், குடும்பத்தினர் பெயர் தாங்கிய சிறு சவப்பெட்டி வடிவங்களும் அதில் உண்டு. அலபாமாவின் ஜீஸ் பெண்ட் பகுதியைச் சேர்ந்த மிசௌரி பெட்வே, கணவர் இறந்தபின் 1942இல் அவர் வேலைக்கு உடுத்திய உடைகளையே வெட்டி இணைத்துப் போர்வையாக்கினார். உழைப்பில் வெளிறிய முழங்கால் துணிகூட அதில் இடம்பெற்றிருப்பதால், இறந்தவரின் உடலே அங்கே நினைவாகியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும், உங்களைப் போன்ற குழுவுக்கு மிகவும் உதவக்கூடியது, எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்கான எய்ட்ஸ் நினைவுப் போர்வைதான். கிளீவ் ஜோன்ஸ் என்பவரின் எண்ணத்தில் உருவாகி, 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய இந்த முயற்சி, அதே ஆண்டு அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் 1,920 துண்டுகளுடன் தரையில் விரிக்கப்பட்டது. இன்று ஏறத்தாழ 50,000 துண்டுகளாக வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, அதாவது ஏறத்தாழ ஒரு புதைகுழியின் அளவு. இறந்தவரை அறிந்தவர்களே அவருக்கான துண்டைச் செய்தார்கள். இந்த ஏற்பாட்டில் நீங்கள் பின்பற்றத்தக்கவை, எல்லாருக்கும் ஒரே அளவு என்பதும், பின்னால் வருவோருக்கும் இடம் இருக்கிறது என்பதுமே. குழுவைத் தொடங்கியவருக்கும் சில மாதங்களே வந்து போனவருக்கும் சம இடம் கொடுங்கள். நான்கு பக்கமும் கரை கட்டி முடித்துவிடாமல், புதிய துண்டுகளை இணைக்கத்தக்க அமைப்பாகத் திட்டமிடுங்கள். குடும்பத்தாரின் சம்மதம் பெற்ற பிறகே பெயரைப் பொறிக்க வேண்டும்.

கேள்வி: மறைந்த தோழி ஒருவர் பேத்திக்காகப் பின்னத் தொடங்கிய ஸ்வெட்டர் பாதியில் நிற்கிறது. அதை நான் முடிக்கலாமா? என் பின்னல் அவருடையதைவிட இறுக்கமானது. இருவர் கையும் தனித்தனியாகத் தெரிந்துவிடுமே என்று தயங்குகிறேன்.

பதில்: குடும்பத்தார் விரும்பினால் தாராளமாக முடியுங்கள். தெரிந்தால் தெரியட்டும், தோழியின் கை எங்கே நின்றது, உங்கள் கை எங்கே தொடங்கியது என்பதைப் பேத்தி ஒருநாள் தடவிப் பார்க்க முடிவது குறையே அல்ல. அவர் பயன்படுத்திய ஊசிகளையே எடுத்துக்கொண்டு, மீதமிருக்கும் நூலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு எத்தனை கண்ணிகள், அதாவது பின்னல் வளையங்கள், வருகின்றன என்று ஒப்பிடுங்கள். உங்களுடையது இறுக்கமாக வந்தால் சற்றுப் பருத்த ஊசிக்கு மாறுங்கள். சிறு வேறுபாடு, நனைத்து வடிவுபடுத்தி உலர்த்தும்போது ஓரளவு தணிந்துவிடும். அவர் விட்ட பிழைகளை மட்டும் பிரித்துத் திருத்தாதீர்கள். இவ்வாறு நின்றுபோன வேலைகளைத் தன்னார்வலர்கள் முடித்துத் தருவதற்கென்றே 2022இல் அமெரிக்காவில் 'லூஸ் எண்ட்ஸ்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அங்கும் குடும்பத்தார் கேட்ட பிறகுதான் வேலை கைமாறுகிறது.

அப்படியே வைத்துக்கொள்ள விரும்பும் குடும்பங்களும் உண்டு, அதுவும் சரியே. அப்போது கண்ணிகளை ஊசியிலேயே விடாமல் ஒரு பருத்தி நூலில் கோத்துவிடுங்கள், இல்லையெனில் உலோக ஊசியின் துரு நாளடைவில் அவற்றில் ஏறக்கூடும்.

கேள்வி: குடும்பத்தினர் கொடுத்த கம்பளி நூலையும் கருவிகளையும் என்ன செய்வது?

பதில்: பயன்படுத்துங்கள். ராட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதைக் காட்டிலும், புதிதாகக் கற்க வருபவரிடம், அது யாருடையது என்று சொல்லிக் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். நூலைப் பங்கிடும் முன், பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். அந்துப்பூச்சியின் முட்டையும் புழுவும் அதில் அழியும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல், அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள், அப்போதுதான் நூலில் ஈரம் படியாது.