வேலிக்கே சொந்தமான பயிர்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஏதோ ஒரு பதிலின் நடுவே, "தலைவர்கள் ஆளுக்கொரு பண்ணை வைத்திருக்கிற நாட்டில் விவசாயச் சட்டத்தை எழுதுவது யார் என்று பாருங்கள்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை இத்தனை கடிதம், மெயில், வாட்ஸ்அப். சினிமாக் கேள்வி கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசியல்வாதி பண்ணை வைத்து உழைத்துச் சம்பாதித்தால் உங்களுக்கு என்ன வலிக்கிறது? லஞ்சம் வாங்குவதற்கு அது மேல் இல்லையா?
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

மேல்தான் தம்பி, சந்தேகமே இல்லை. நைஜீரியாவின் ஒபசாஞ்சோவை எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவ ஆட்சியாளராக இருந்தவர், 1979-இல் தேர்தல் நடத்தி, ஜெயித்தவரிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு ஓட்டா என்ற ஊரில் கோழிப்பண்ணை வைக்கப் போனார். ஆப்பிரிக்காவில் அந்தக் காலத்தில் ஒரு ஜெனரல் நாற்காலியை விட்டுத் தானாக இறங்கியதே அதிசயம், அவர் கோழி வளர்க்கப் போனது அதைவிட அதிசயம். உலகமே பாராட்டியது.

ஆனால் அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1978-இல், அவருடைய ஆட்சிதான் நிலப் பயன்பாட்டு ஆணையைக் கொண்டுவந்தது. ஒரு மாநிலத்தின் நிலம் மொத்தமும் அந்த மாநில ஆளுநர் வசம். பரம்பரையாக உழுதவனுக்கும் அனுபவிக்கிற உரிமை மட்டும்தான். அரசு எடுத்துக்கொண்டால் மேலே நிற்கிற மரத்துக்கும் கட்டடத்துக்கும் நஷ்டஈடு, மண்ணுக்குக் கிடையாது. அப்படி ஒரு சட்டம் இருக்கிற ஊரில் பெரிய பண்ணை போட யாருக்குச் சுலபம், கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரிந்தவருக்கா, தெரியாதவருக்கா?

அப்புறம் 1999-இல் ஓட்டு வாங்கியே ஜனாதிபதி ஆனார். 2003-இல் கோழி இறக்குமதிக்குத் தடை வந்தது. அந்தத் தடையால் நாட்டில் உள்ள எல்லாக் கோழிப் பண்ணைக்காரருக்கும் லாபம், அதை மறைக்கக் கூடாது, கொள்கையாகப் பார்த்தால் நல்ல கொள்கை என்றே வாதாடலாம். ஆனால் தடை போட்டவரும் கோழிப் பண்ணைக்காரர். அவர் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. விலையை ஏற்றி இறக்குகிற பேனாவும் அவர் பையிலேயே இருந்தது என்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் கரும்பு வெட்டு உத்தரவு வருவதற்குள் பயிர் பூ விட்டுவிடுகிறது. கட்சிப் பிரமுகர் தோட்டத்துக்கு மட்டும் முதல் வாரத்திலேயே ஆலை லாரி வந்து நிற்கிறது. மற்ற நாடுகளிலும் இந்தக் கூத்து உண்டா?
— கரும்பு விவசாயி, வட மாவட்டம் (பெயர் வேண்டாம் என்றார்)

உண்டு ஐயா. உங்கள் கதையைவிட நீளமான கதை ஒன்று பிலிப்பைன்ஸில் இருக்கிறது, கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்.

கரும்பு வெட்டினால் மறுநாளே எடை குறைய ஆரம்பிக்கும், சர்க்கரைச் சத்தும் இறங்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் ஆலை யார் கையிலோ அவர் கையில்தான் கரும்புக்காரன் குடுமி. தார்லாக் மாகாணத்தில் ஹசியெண்டா லூயிசிட்டா என்று ஒரு பண்ணை, 6,453 ஹெக்டேர். நம் கணக்கில் கிட்டத்தட்ட பதினாறாயிரம் ஏக்கர். நடுவிலேயே சர்க்கரை ஆலை. 1950-களின் கடைசியில் கொஹுவாங்கோ குடும்பம் இரண்டையும் ஒரு ஸ்பானிஷ் கம்பெனியிடமிருந்து வாங்கியது. சொந்தப் பணத்தில் அல்ல. ஆலை வாங்க வெளிநாட்டுக் கடன், அதற்கு மத்திய வங்கியின் ஆதரவு. நிலம் வாங்க அரசு ஊழியர் காப்புறுதி நிதியின் கடன். நிபந்தனை ஒன்று இருந்தது: பத்து வருஷத்துக்குள் நிலத்தை உழுகிறவர்களுக்குக் கொள்முதல் விலைக்கே பிரித்துக் கொடுக்க வேண்டும்.

பத்து வருஷம் போனது, பிரிக்கவில்லை. "இங்கே குத்தகைதாரரே கிடையாது, எல்லாம் கூலி ஆட்கள்" என்று பதில். 1980-இல், நாட்டைச் சர்வாதிகாரியாக ஆண்டுகொண்டிருந்த மார்கோஸின் அரசு வழக்குப் போட்டது. ஏழைகள் மேல் உள்ள பாசம் என்று நினைத்துவிடாதீர்கள், அந்த வீட்டு மாப்பிள்ளை நினோய் அக்கினோ மார்கோஸின் முதல் எதிரி. 1985-இல் நிலத்தைக் கொடு என்று தீர்ப்பே வந்தது, குடும்பம் மேல்முறையீடு போனது. அதற்குள் நினோய் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவர் மனைவி கொராசோன், அதே கொஹுவாங்கோ வீட்டுப் பெண், 1986-இல் மக்கள் எழுச்சியில் ஜனாதிபதி ஆனார். 1988-இல் அரசு வக்கீலே போய் வழக்கு வேண்டாம் என்று கேட்டு, அது தள்ளுபடி ஆயிற்று.

அதே 1988-இல்தான் நாடு தழுவிய நிலச்சீர்திருத்தச் சட்டமும் வந்தது. அதில் ஒரு பொந்து. நிலத்தைப் பிரித்துத் தருவதற்குப் பதிலாக, கம்பெனி தன் பங்குகளைத் தொழிலாளிக்குத் தரலாம். மறு வருஷமே லூயிசிட்டா அதைப் பிடித்துக்கொண்டது. கம்பெனியின் மொத்தச் சொத்தில் நிலம் எத்தனை பங்கோ, அத்தனைதான் தொழிலாளிக்கு. இங்கேதான் கணக்குப் பிள்ளையின் சாமர்த்தியம்: நிலத்தின் மதிப்பைக் குறைத்து, கம்பெனியின் மற்ற சொத்துகளின் மதிப்பைக் கூட்டிப் போட்டதில், தொழிலாளர்கள் பங்கு 33.296 சதவீதம். மூன்று தசமம் வரை துல்லியம் பார்த்தீர்களா! ஆக, நிலம் "அவர்களுடையது", கம்பெனி மட்டும் பழையவர்களுடையது. அந்தப் பங்கும் சும்மா வராது, எத்தனை நாள் வேலை செய்தாயோ அதற்கேற்ப, 30 வருஷத்தில். பங்கு வேண்டுமானால் வேலை வேண்டும், வேலை தருகிறவர் முதலாளி. தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் நிலம் போகப்போக, இயந்திரம் வரவர, வேலை நாள் வாரத்துக்கு ஒன்று இரண்டாகச் சுருங்கியது. பிடித்தம் போக ஒரு வாரத்துக்கு 9.50 பெசோ கைக்கு வந்த சம்பளச் சீட்டை ஆட்கள் எடுத்துக் காட்டினார்கள். அதில் அரைக் கிலோ அரிசி வாங்கலாம்.

2004 நவம்பரில் பண்ணை ஆட்களும் ஆலை ஆட்களும் சேர்ந்து வேலைநிறுத்தம். 16-ஆம் தேதி ஆலை வாசலில் துப்பாக்கிச் சூடு, ஏழு பேர் செத்தார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் பங்குத் திட்டத்தை ரத்து செய்து, நிலத்தை 6,296 தொழிலாளர்களுக்குப் பிரித்துக் கொடு என்றது. அப்போது ஜனாதிபதி யார் தெரியுமா? கொராசோனின் மகன்.

2013-இல் குடவோலை மாதிரி உருளைக் கூண்டைச் சுற்றி, சீட்டெடுத்து நிலம் கொடுத்தார்கள். ஆளுக்கு 6,600 சதுர மீட்டர், ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். சரி, கிடைத்ததே என்கிறீர்களா? விதைக்கரும்புக்கும் உரத்துக்கும் காசில்லாமல் பலர் அந்தச் சீட்டு நிலத்தைப் பணக்காரனுக்கே குத்தகைக்கு விட்டுவிட்டு, அதே நிலத்தில் கூலிக்குப் போனார்கள். ஆலையை யாரும் சீட்டுக் குலுக்கவில்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, லாரியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும்தான் எனக்கு இந்தக் கதையே ஞாபகம் வந்தது.

ஜிம்பாப்வேயில் வெள்ளைக்காரனிடமிருந்து பிடுங்கிய பண்ணை எல்லாம் முகாபே ஆட்களுக்கே போய்விட்டது என்கிறார்களே?
— வாசகி, கோவை

எல்லாம் போகவில்லை, ருசியானது போயிற்று. 2000-க்கு முன் அங்கே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய வெள்ளைப் பண்ணைகள், நல்ல மண் பெரும்பாலும் அவர்களிடம். அது நியாயமில்லை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 2000-இல் தொடங்கிய கைப்பற்றலில் லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரணக் குடும்பங்களுக்குச் சிறு நிலம் கிடைத்தது, இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். புகையிலையைப் பாருங்கள்: 2000-இல் சுமார் 23 கோடி கிலோ, 2008-இல் 5 கோடிக்கும் கீழே, 2018-இல் 25 கோடியைத் தாண்டிவிட்டது. இந்த முறை விளைவித்ததில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள்.

ஆனால் "ஒரு ஆளுக்கு ஒரு பண்ணை" என்று ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு அன்றைய ஜனாதிபதி முகாபேயின் குடும்பம் பல பண்ணைகளை வைத்துக்கொண்டது. மசோவேயில் மனைவி கிரேஸின் குஷுங்கோ பால்பண்ணை அதில் ஒன்று. பிடுங்கிய பண்ணை என்பதால் 2009-இல் வெளிநாடுகளில் எதிர்ப்புக் கிளம்ப, அங்கே பால் வாங்குவதை நெஸ்லே நிறுத்தியது. கொஞ்ச நாளில் ஹராரேயில் அதன் ஆலைக்கு அதிகாரிகளும் போலீசும் வந்து அந்தப் பாலை எடுத்துக்கொள்ளச் சொல்ல, கம்பெனி ஆலையையே சில நாள் மூடிவிட்டது. நம் ஊர்ப் பால்காரர் பால் திரிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினால் சொசைட்டியில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். ஜனாதிபதி வீட்டுப் பாலைத் திருப்பி அனுப்பினால் போலீஸ் வரும்.

சோபாவுக்குள் டாலர் வைத்திருந்த ஜனாதிபதி கதை உண்மையா?
— ஆட்டோ ஓட்டுநர், மதுரை

உண்மை. தென்னாப்பிரிக்காவின் ராமபோசா, லிம்போபோவில் பாலா பாலா என்கிற பண்ணை. 2020 பிப்ரவரியில் திருட்டு, விஷயம் வெளியே வந்தது 2022 ஜூனில். சோபாவுக்குள் இருந்தது 5,80,000 டாலர், ஒரு சூடான் வியாபாரி 20 காட்டெருமைகளுக்குக் கொடுத்த விலை என்று விளக்கம். வாங்கியவர் எருமைகளை ஓட்டிப் போகவே இல்லை. அந்தியூர்ச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவார்கள். அங்கேயும் காசு கொடுத்தவன் மாட்டைப் பிடித்துக்கொண்டு போவான்.

பதில் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது என்று நிபுணர் குழு சொன்னது, நாடாளுமன்றம் 214-க்கு 148 என்ற ஓட்டுக் கணக்கில் அந்த அறிக்கையை ஓரம் கட்டியது, 2024 அக்டோபரில் வழக்குப் போடப்போவதில்லை என்று அரசு வழக்குத் துறை சொல்லிவிட்டது. மனிதருக்கு மாட்டுப் பைத்தியம், அது நிஜம். உகாண்டா ஜனாதிபதி முசெவெனியிடம் நீளக் கொம்பு அங்கோலே மாடுகளைப் பார்த்து மயங்கி, நேராகக் கொண்டுவர முடியாததால் கருக்களாகக் கொண்டுவந்து வளர்த்தவர். 2012-இல் ஒரு காட்டெருமைக்கு ஏலத்தில் கிட்டத்தட்ட 2 கோடி ராண்ட் வரை கேட்டுவிட்டு, பிறகு மன்னிப்பும் கேட்டார்.

இந்த மாதிரிப் பண்ணைக்குள் மக்கள் புகுந்ததே கிடையாதா?
— வாசகர், நாகர்கோவில்

2023 மார்ச்சில் கென்யாவில் நடந்தது. முன்னாள் ஜனாதிபதி கென்யாட்டா குடும்பத்தின் நார்த்லேண்ட்ஸ் பண்ணைக்குள் கூட்டம் புகுந்து ஆடுகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது, மரங்களை வெட்டி நெருப்பும் வைத்தது. அந்தக் குடும்பத்துக்கு அங்கே பெரிய பால் கம்பெனியும் உண்டு. புரட்சி என்று உடனே கைதட்டாதீர்கள். எதிர்க்கட்சி ஊர்வலம் போன அன்றைக்குத்தான் இது நடந்தது, கென்யாட்டா எதிர்க்கட்சிப் பக்கம். இப்போதைய ஜனாதிபதி ரூட்டோவும் 100 ஏக்கர் நிலத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுத்து 50 லட்சம் ஷில்லிங் நஷ்டஈடும் தர வேண்டும் என்று 2013-இல் நீதிமன்ற உத்தரவு வாங்கியவர். நிலமில்லாதவன் அந்த ஆடுகளில் ஒன்றையாவது சமைத்தானா என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

ஊர் ஊராகச் சுற்றுகிறீர்களே, நம்ம ஊருக்கு வர மாட்டீர்களா?
— பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள்

வருகிறேன். தமிழ்நாட்டில் நில உச்சவரம்பு 1961-இல் 30 தர ஏக்கர் (மண்ணின் தரத்தைப் பார்த்துப் போடுகிற ஏக்கர் கணக்கு), 1970-இல் 15 ஆகக் குறைந்தது. தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு விலக்கு உண்டு. ஜெயலலிதாவின் கொடநாடு தேயிலைத் தோட்டம் சுமார் 900 ஏக்கர் என்றால் எப்படி என்று கேட்டவர்களுக்கு இது பதில்.

இன்னொன்று, விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. அதனால் எந்தப் பணத்தையும் "தோட்டத்தில் விளைந்தது" என்று சொல்லிப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில் ஐதராபாத் திராட்சைத் தோட்டம் ஞாபகம் இருக்கிறதா? 1991 முதல் 1996 வரை அங்கே வந்த வருமானம் 50 லட்சத்துக்கு மேல் என்றது அவர் தரப்பு. ஆறு லட்சம்கூட இல்லை என்றது அரசுத் தரப்பு. விசாரணை நீதிமன்றம் 10 லட்சம் என்று வைத்தது, உயர் நீதிமன்றம் 46 லட்சத்துக்கு மேல் ஏற்றியது, அவர் இறந்த பிறகு 2017-இல் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பையே உறுதி செய்தது. கொடி ஒன்றுதான், குலைதான் நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் கூடிக் குறைந்தது. எந்தக் கட்சி என்று பார்த்து என்னைத் திட்டாதீர்கள், இந்த வரிவிலக்கு எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் பொது.

உங்களுக்கு நிலம் இருக்கிறதா?
— அதே திண்டுக்கல் மாணவர், இரண்டாவது கடிதத்தில்

ஒன்றேகால் ஏக்கர், கடைமடை. போன வருஷம் தண்ணீர் வந்து சேர்ந்தபோது நாற்றங்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.